கடைமடை வரை எண்ணெய்: அப்பாவின் புல்லட்டுக்கு நான் ஆயில் மாற்றும் விதம்

பழைய புல்லட்டுக்கு ஆயில் மாற்றக் கடையில் அரை மணி நேரம் போதும். எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். கரண்ட் கட் அறிவித்த நாளாக இருந்தால் இன்னும் வசதி, மாவு அரைக்க யாரும் வரமாட்டார்கள்.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மாவு மில், மிளகாய் மிஷின், நெல் குத்த ஒரு சின்ன ஹல்லர். அப்பா நடத்தியதை இப்போது நான் நடத்துகிறேன். மில்லோடு சேர்ந்து என் கைக்கு வந்தது அவர் 1974-ல் வாங்கிய 350 புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கிற பழைய வண்டி. தினமும் வீட்டிலிருந்து மில்லுக்கு, வாரம் ஒருமுறை கும்பகோணத்துக்கு என்று இன்னும் ஓடுகிறது.

முதல் சில வருஷம் ஆயில் மாற்ற நானும் கடையில்தான் விட்டேன். ஒரு தடவை ஆயில் மாற்றி மூன்றாம் நாள், திருக்கருகாவூர் ரோட்டில் வரும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் மெதுவாகத் தட்டுவதுபோல ஒரு சத்தம். வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். இன்ஜினைப் பிரித்தபோது பிக் எண்ட் புஷ் போயிருந்தது, அதாவது பிஸ்டனிலிருந்து வரும் ராட், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கைப் பிடிக்கும் இடத்து வளையம். காரணம், ஃபில்டர் குழியைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்திருக்கிறார்கள். அதிலிருந்து உதிர்ந்த நூல் திரண்டு எண்ணெய்ப் பாதையில் போய் அடைத்துவிட்டது. ஒரு விரல்நுனியில் நிற்கும், அவ்வளவு நூல்தான். கிராங்க்கைப் பிரித்துப் புது புஷ் போட்டுச் சேர்க்க, ஹல்லரின் ஒரு போக வருமானம் போயிற்று. அன்றைக்கு முதல் இந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை.

இன்ஜினுக்குள் எண்ணெய் எப்படிப் போய் வருகிறது என்று தெரியாமல் ஸ்பேனர் எடுக்கக் கூடாது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பழைய இரும்பு பேரல் புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்காது. கிராங்க் கேஸுக்குள்ளேயே, கிராங்க்குக்குப் பின்பக்கம் ஓர் அறையாக இருக்கும். இன்ஜினின் வலது பக்க மூடியான டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள். ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துக் கிராங்க்குக்கு அனுப்பும். அது பாசன வாய்க்கால். இன்னொன்று, கிராங்க் சுற்றும் குழியில் வந்து விழும் எண்ணெயை இழுத்துத் தொட்டிக்கே திருப்பும். அது வடிகால். வடிகால் பம்ப் வாய்க்கால் பம்பைவிடப் பெரியது. குழியில் எண்ணெய் தேங்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வயலில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

ஃபில்டர் இருப்பது வாய்க்காலில், பம்புக்கும் பிக் எண்டுக்கும் நடுவே. மதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் மேல்மடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, கடைமடைதான் காயும். இந்த இன்ஜினின் கடைமடை பிக் எண்ட். என் வண்டிக் காலத்துப் புல்லட்டுகளில் அங்கே உருளை பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் ஒரு புஷ்தான். எண்ணெய் வரத்து நின்றால் அது தாங்காது. ஆயில் மாற்றும் வேலையில் நான் பாதி நேரம் செலவழிப்பதே, புது எண்ணெய் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான்.

எப்போது மாற்றுவது? நான் 2,000 கிலோமீட்டர் கணக்கு வைத்திருக்கிறேன். வருஷத்தில் அவ்வளவு ஓடாவிட்டாலும் இரண்டு தடவை மாற்றிவிடுவேன். ஒன்று, மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து நாற்றங்கால் வேலை தொடங்குவதற்குள். இன்னொன்று, தை அறுப்பு ஓய்ந்த பிறகு. அறுப்பு மிஷின் ஓடும் நாட்களில் ரோடெல்லாம் வைக்கோல் தூசி, கொள்முதல் நிலையத்து வாசலில் பதர் மேகம். அத்தனையையும் ஏர் ஃபில்டர் தடுத்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

சாமான்களில் முதலாவது ஸ்பேனர். பழைய புல்லட்டில் நிறைய நட்டுகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அப்பாவின் பெட்டியில் பின்னம் போட்ட விட்வொர்த் ஸ்பேனர்கள் கிடந்தன. உங்களிடம் இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் தேடிப் பாருங்கள், கிடைக்கும். இரண்டாவது, மூன்று லிட்டர் கொள்ளும் அகலத் தட்டு. நான் பழைய இட்லிக் கொப்பரையின் அடிப்பாகத்தை வைத்திருக்கிறேன். மூன்றாவது, துடைக்கும் துணி. பனியன் வேஸ்ட், பழைய பருத்தி வேட்டி, துண்டு எதுவும் இன்ஜின் பக்கம் வரக்கூடாது. அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் ஒரு நூல் உதிராது. அப்புறம் புது ஃபெல்ட் (கம்பளித் துணி) ஃபில்டர், கேஸ்கெட், வாஷர்கள், ஒரு காந்தம், ஒரு புனல்.

வண்டியைச் சூடாக்காமல் ஆயிலை வடிக்காதீர்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் உறுமவிட்டால் போதாது. நான் பாபநாசம் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவேன். சூடான எண்ணெய்தான் அடியில் படிந்த கசடையும் கலக்கி எடுத்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் ஒன்று, ஃபில்டர் மூடி இருப்பது வலது பக்கம் கீழே, சைலன்சர் பைப்பும் அதே பக்கம். முழங்கையில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. வடிப்பது சூட்டில் நடக்கட்டும், ஃபில்டரைத் தொடுவதற்கு முன் பைப் ஆறட்டும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிடுங்கள். இன்ஜின் அடியில் வடிக்கும் பிளக் ஒன்றோடு முடிவதில்லை. தொட்டிக்கு ஒன்று, கிராங்க் குழிக்கு ஒன்று. நிறையப் பேர் தொட்டியை மட்டும் வடித்துவிட்டு, குழியில் நிற்கும் கறுப்பு எண்ணெயின் மேல் புதியதை ஊற்றுவார்கள். இரண்டையும் திறங்கள். கிராங்க் கேஸ் அலுமினியம், பிளக் இரும்பு. கழற்றும்போதும் மாட்டும்போதும் முதல் நாலு சுற்றை விரலால்தான் சுற்ற வேண்டும். மரை கொஞ்சம் கோணலாகப் பிடித்தால்கூட அலுமினியம்தான் தோற்கும்.

எண்ணெய் வடியட்டும், அவசரம் வேண்டாம். அரை மணி நேரம் அது சொட்டிக்கொண்டிருக்கும்போது தட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இந்த அரை மணி நேரம்தான். கறுப்பாக இருப்பதில் தப்பில்லை, உழைத்த எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். தட்டைச் சாய்த்து வெயிலில் காட்டுங்கள். அடியில் மின்னுகிறதா? காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுத் தட்டின் அடியில் துழாவுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் அது இரும்புத் தேய்மானம், கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. விரலில் நெருடுகிற துணுக்கு வந்தால் விசாரிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளி மாதிரி மின்னுவது இன்னும் மோசம். அது பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம், பிக் எண்ட் புஷ்ஷின் பூச்சாகவும் இருக்கலாம். செம்பொன் நிறத்தில் மின்னினால் ஏதோ ஒரு வெண்கல புஷ் தேய்கிறது. திருக்கருகாவூர் ரோட்டுக் கதைக்குப் பிறகு இறக்கிய எண்ணெயைப் பார்த்தேன். குங்குமச் சிமிழில் ஜிகினாவைக் கொட்டியது மாதிரி இருந்தது.

இப்போது ஃபில்டர். டைமிங் கவரில் பம்புகளுக்குக் கீழே ஒரு வட்ட மூடி, அதைப் பிடித்திருக்கும் நட்டு. மூடியைத் தளர்த்தும்போது உள்ளே நிற்கும் எண்ணெய் கொட்டும், தட்டைத் தள்ளி வையுங்கள். உள்ளிருந்து ஸ்பிரிங், வாஷர், ஃபெல்ட் என்று ஒவ்வொன்றாக வரும். எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு செய்தித்தாளில் இடமிருந்து வலமாக அடுக்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ஃபெல்ட்டை அழுத்திப் பிடித்தால்தான் எண்ணெய் அதன் ஊடாகப் போகும். ஒரு வாஷர் விட்டுப் போனாலும் எண்ணெய் சந்து கண்டுபிடித்து வடிகட்டாமலே போய்விடும். ஃபில்டர் போட்டும் போடாத கதைதான்.

பழைய காலத்தில் ஃபெல்ட்டை பெட்ரோலில் அலசி மறுபடி போடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார். நான் செய்வதில்லை. மில்லில் மாவுச் சல்லடையைத் தட்டினால் மாவு போய்விடும், சல்லடைக் கண் தெரியும். ஃபெல்ட்டுக்குக் கண்ணே கிடையாது, அதன் கனம் முழுக்க அழுக்கு ஊறி நிற்கும். மேலே சுத்தமாகத் தெரிவதை நம்ப முடியாது. கழற்றிய ஃபெல்ட்டைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து விரித்துப் பாருங்கள், தட்டில் சிக்காத துணுக்கு அங்கே சிக்கியிருக்கும்.

ஃபில்டர் குழியை நைலக்ஸ் துண்டால் துடைத்து, விரல்நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒட்டியிருந்தால் மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். புது ஃபெல்ட்டை அப்படியே உலர்ந்ததாக உள்ளே வைக்காதீர்கள். ஒரு டம்ளரில் புது எண்ணெய் ஊற்றி, காலையிலேயே அதில் ஊறப்போட்டுவிடுங்கள். உலர்ந்த ஃபெல்ட் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் பிக் எண்டுக்கு விடும், அந்த நேரமெல்லாம் பிக் எண்ட் காய்ந்தே சுற்றும். மூடியை மாட்டும்போது நட்டை இறுக்குவதில் வீரம் காட்ட வேண்டாம்.

பிளக்குக்கு நான் செம்பு வாஷர் போட்டிருக்கிறேன். ஃபைபர் வாஷர் என்றால் ஒவ்வொரு தடவையும் புதிது போட்டுவிடுவது நல்லது. செம்பை மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் ஒருமுறை இறுக்கிய செம்பு விறைத்துப்போயிருக்கும். செப்புப் பாத்திரம் தட்டுகிறவர்களைக் கேளுங்கள், தட்டத் தட்டச் செம்பு கெட்டிப்படும், நெருப்பில் காட்டினால் இளகும் என்பார்கள். வாஷரை ஒரு கம்பியில் கோத்து கேஸ் அடுப்பில் சிவக்கும் வரை காட்டித் தண்ணீரில் போடுங்கள். இரும்புதான் இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு குழைந்துவிடும். கறுப்பாக ஒட்டும் படலத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். விளக்கு தேய்க்கும் அதே புளிதான்.

எண்ணெய் 20டபிள்யூ-50, மினரல். முதல் எண் குளிரில் அது எவ்வளவு இளகும் என்பதற்கு, பின்னால் வரும் 50 சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம்மூர் மார்கழிப் பனிக்கு முதல் எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம். சித்திரை வெயிலில் காற்றால் மட்டும் ஆறுகிற இரும்பு பேரலுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். விலை கூடிய சிந்தெடிக் இந்த இன்ஜினுக்குத் தேவையில்லை. வருஷக்கணக்காக ஒரே பழைய எண்ணெயில் கிடந்த வண்டியை எழுப்புகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். இன்றைய எண்ணெய்களில் அழுக்கை இளக்கும் மருந்து உண்டு, அது பழைய கசடைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். அந்த வண்டிக்கு முதல் மாற்றம் முடிந்து 200, 300 கிலோமீட்டரில் இன்னொரு தடவை ஆயிலும் ஃபெல்ட்டும் மாற்றிவிடுங்கள்.

புத்தகக் கணக்கு 2.25 லிட்டர். எவ்வளவு வடித்தாலும் மூலைமுடுக்கில் கொஞ்சம் நிற்கும், அதனால் முதலில் இரண்டு லிட்டர் ஊற்றி நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

கிக்கரை உதைத்து உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி முப்பது, நாற்பது தடவை கிக்கரை மிதியுங்கள். பிஸ்டன் எதிர்க்காது, பம்ப் மட்டும் மெல்லச் சுற்றும். காலியாகிப் போன பாதையில் எண்ணெய் ஊர்ந்து ஏறும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக ஓடவிடுங்கள். டைமிங் கவரில், பம்பிலிருந்து பிக் எண்டுக்குப் போகும் பாதையில் ஃபீட் பிளக் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். மரை வழியாக எண்ணெய் கசிந்து வந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே இறுக்கிவிடுங்கள். ஒரு நிமிடமாகியும் வராவிட்டால் இன்ஜினை நிறுத்துங்கள், ‘இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும், வந்துரும்’ என்ற பேச்சே கூடாது.

அடுத்தது வடிகால். இன்ஜினுக்கு வெளியே மேலேறி ஹெட்டுக்குப் போகும் மெல்லிய பைப் ஒன்று இருக்கிறதே, அது வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களுக்கு எண்ணெய் கொடுப்பது. என் காலத்து வண்டிகளில் அதற்கு எண்ணெய் திரும்பும் பாதையிலிருந்து போகிறது. மேலே அந்தப் பைப்பைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அங்கே எண்ணெய் முத்து முத்தாகக் கோத்து நிற்க வேண்டும். அது வந்துவிட்டால் இரண்டு பம்பும் வேலை செய்கிறது. அதன் பிறகும் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுத்தான் நான் வண்டியை நகர்த்துவேன்.

அளவு பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு மழைக்காலம், மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் அடியில் கிடக்கிறது. அரை லிட்டர் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் செங்கல் சூளை மாதிரி புகை, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் பீய்ச்சி மில் சுவரெல்லாம் கறுப்பு. எங்கள் ஊர் பம்புசெட் மெக்கானிக் அண்ணன் அந்தப் பக்கம் வந்தவர், சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

“என்ன பாப்பா, நின்ன வண்டிக்கு ஆயில் ஊத்துனியா?”

“குச்சியில ஒண்ணுமே தெரியலண்ணே.”

“தொட்டியில இல்லேன்னா எங்க போயிருக்கும்? ஊரை விட்டா ஓடிருச்சு? கீழ குழியிலதான் கெடக்கும்.”

அவர் சொன்னதுதான் விஷயம். வண்டி நாள்கணக்கில் நின்றால், பம்பின் இடுக்கு வழியாகத் தொட்டி எண்ணெய் மெல்ல மெல்லக் கிராங்க் குழிக்குள் இறங்கிவிடும். தேய்ந்த பம்பில் இது சீக்கிரம் நடக்கும். மேலே குச்சியில் காலி என்று காட்டும், கீழே வயல் மூழ்கிக் கிடக்கும். ஆகவே நின்ற வண்டியில் அளவு பார்க்காதீர்கள். ஓட்டி, சூடாக்கி, வடிகால் பம்ப் குழியைக் காலி செய்த பிறகு நிறுத்தி, ஓரிரு நிமிடம் விட்டுக் குச்சியைப் பாருங்கள். அப்போது குறைந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் குழியின் பிளக்கைத் திறந்து, வடிவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து மேலே ஊற்றிவிட்டால் புகையே வராது.

இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இருக்கும் இடது பக்கத்து அறைதான் பிரைமரி. அதற்குத் தனி எண்ணெய், அரை லிட்டருக்கும் குறைவு. கவரில் அளவுத் திருகு இருக்கிறது, அதைத் திறந்து வைத்து ஊற்றி, வழியத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். கியர்பாக்ஸும் தனி. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஒன்றை மாற்றினால் மற்றது மாறிவிடாது.

பழைய ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பார்கள். 1985-ல் வந்த வண்டி, இன்னும் வரப்போரத்தில் பால் கேனோடு ஓடுகிறது. அதில் மாற்றுகிற ஃபில்டரே கிடையாது, அதனால் ‘ஃபில்டர் இல்லாத வண்டி’ என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அதில் இரண்டு உண்டு. ஒன்று கம்பிவலை, இன்னொன்று கிராங்க்கின் வலது நுனியில், கிளட்ச் கவருக்குள் சுற்றும் ஒரு கிண்ணம். கிண்ணம் சுற்றும் வேகத்தில் கனமான அழுக்கு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், நல்ல எண்ணெய் நடுவழியாகப் போகும். கிரைண்டர் சுற்றும்போது மாவு ஓரத்தில் ஏறி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை தடவை ஆயில் மாற்றினாலும் அந்த ஓரத்து அப்பு வெளியே வராது, கவரைக் கழற்றிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இருபது வருஷமாகத் திறக்காத ஒன்றைத் திறந்தேன். கண்மை டப்பாவைத் திறந்த மாதிரி கறுப்பாக, கெட்டியாக, விரல் ஆழத்துக்கு இருந்தது. மூங்கில் சிம்பால் சுரண்டி, டீசலில் கழுவித் துடைத்தேன். கழுவும்போது நடு ஓட்டைக்குள் அழுக்கு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நேராகப் பிக் எண்டுக்குப் போகிற வழி. கவர் கேஸ்கெட் புதிது வாங்கி வைத்துக்கொண்டு இதில் இறங்குங்கள். இன்னொன்று, இந்த வண்டியில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்று போட்ட பைக் எண்ணெயே வாங்குங்கள். வழுக்கல் மருந்து சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவும். எங்கள் புல்லட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, கிளட்ச் தனி அறையில் இருக்கிறது.

ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் மாதிரி டூ ஸ்ட்ரோக் என்றால் வேலை சீக்கிரம் முடியும். இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போய் எரிந்துவிடுகிறது, ஃபில்டர் கேள்வியே எழாது. கியர்பாக்ஸ் எண்ணெயை மட்டும் மறக்காதீர்கள். மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விட்டால் டெல்டாவில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, அம்மா ஊரில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகை சரிந்து, அதற்குள் இருந்த சி.டி. 100 தண்ணீரில் கிடந்தது. ஒரு வாரம் கழித்துப் போனேன். மாமா பையன் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தயாராக நின்றான். கையைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைத் திறந்தால் முதலில் தெளிந்த தண்ணீர், அதற்குப் பின்னால் டிகிரி காபி நிறத்தில் எண்ணெய். தண்ணீரும் எண்ணெயும் கடைந்தால் அந்த நிறம்தான் வரும். அதோடு ஓட்டினால் பேரிங்குகளுக்கு எண்ணெய்ப் படலமே கிடைக்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் உள்ளே எதுவும் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெல்ல அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, விலை குறைந்த எண்ணெய் ஊற்றி இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்து, மூன்றாவது தடவைதான் எண்ணெய் எண்ணெயாக வந்தது. கிண்ணத்தையும் கம்பிவலையையும் அதற்குப் பிறகு திறந்து கழுவினோம்.

வெள்ளமே வராமலும் இந்தக் காபி நிறம் வரும். கார்த்திகை அடைமழையில், வீட்டிலிருந்து மில்லுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியில்லாமல், எண்ணெய் மூடியின் அடியில் பாலாடை மாதிரிப் படியும். எண்ணெய் கெட்டிருக்காது. ஒரு நாள் தஞ்சாவூர் வரை போய்வந்தால் ஆவியாகிப் போய்விடும். போய்வந்த பிறகும் பாலாடை இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

இறக்கிய எண்ணெயை என்ன செய்வது? வேலிக்காலில் கரையானுக்குப் பூசுவார்கள், ஏர்க்கலப்பையில் துருவுக்குத் தடவுவார்கள், பழக்கம்தான். நான் காலி எண்ணெய் கேனிலேயே திருப்பி ஊற்றி மூடி வைத்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுவேன். வாய்க்காலில் கொட்டுகிறவரைக் கண்டால் சண்டைக்கே போவேன். ஒரு லிட்டர் ஊற்றினால் எவ்வளவு தூரம் படலமாக விரிந்து போகிறது என்று நாற்றங்காலுக்குப் பாயும் தண்ணீரில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கையில் பட்டதைப் பெட்ரோலால் கழுவாதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு. பழைய இன்ஜின் எண்ணெய் தோலில் நாள்கணக்கில் ஊறினால் புற்றுநோய் வரைக்கும் போகக்கூடிய சமாசாரம், அதனால் கையுறை போட்டுக்கொள்கிறேன். அப்பா போட்டதில்லை.

மில்லின் வரவு செலவு நோட்டில் கடைசிப் பக்கம் புல்லட்டுக்கு. தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் நிறம், காந்தத்தில் என்ன ஒட்டியது, ஃபீட் பார்த்தாயிற்றா என்று ஒரு வரி எழுதிவைப்பேன். அடுத்த தடவை ஒப்பிட அது வேண்டும்.

ராத்திரி வண்டியின் அடியில் ஒரு முழுச் செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் கறை என்று பார்த்தால் எந்த பிளக்கை இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். என் வண்டியில் பிரைமரி பக்கம் ஒரு சொட்டு மட்டும் எப்போதும் இருக்கும். அப்பா காலத்திலும் இருந்தது. எல்லா கேஸ்கெட்டும் மாற்றிப் பார்த்தாயிற்று, இப்போது செய்தித்தாளைத்தான் மாற்றுகிறேன்.